62 வயதுக்காரரின் சிறுநீரகத்தை வாங்கிக்கொள்ளலாமா?

அம்பத்தூரிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 58 வயது, இருபது வருடமாகச் சர்க்கரை, நாலு வருடமாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ரத்த வகை ஓ பாசிட்டிவ். வீட்டில் யாரும் சிறுநீரகம் கொடுக்கும் நிலையில் இல்லாததால் மூளைச்சாவு அடைந்தவர்களின் சிறுநீரகத்துக்கான கேடவர் பட்டியலில் பதிந்து காத்திருக்கிறார்கள். போன மாதம் இரவு பதினொன்றரை மணிக்கு மருத்துவமனையிலிருந்து போன். மூளைச்சாவு அடைந்தவர், வயது 62, பி.பி. இருந்தது, ஸ்ட்ரோக், கடைசி கிரியேட்டினின் (சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவுப்பொருள்) 1.8. “கொஞ்சம் ரிஸ்க்கான கிட்னிதான், அரை மணி நேரத்துல சொல்லுங்க” என்றார்களாம். வீட்டில் கூடிப் பேசி, பயந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அப்பா யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. செய்தது சரியா, மறுபடியும் இப்படி ஒரு போன் வந்தால் என்ன சொல்வது என்பது கேள்வி.

நான் டாக்டர் இல்லை. சென்னையில் 14 வருடம் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக வேலை பார்த்தவள். நடு இரவில் அப்படிப் போன் போட்டுவிட்டு, எதிர்முனையில் குடும்பம் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டபடி காத்திருந்தவர்களில் ஒருத்தி. உங்கள் அப்பாவின் உடம்பைத் தெரிந்த சிறுநீரக மருத்துவர் (நெஃப்ராலஜிஸ்ட்) சொல்வதுதான் கடைசி வார்த்தை. அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதற்கு நான் எழுதுவது உதவும்.

அன்று வேண்டாம் என்று சொன்னதற்காக யாரும் மனம் நோக வேண்டாம். தூக்கத்திலிருந்து எழுப்பி, ‘ரிஸ்க்’ என்ற ஒரு வார்த்தையைக் கையில் கொடுத்து, அரை மணியில் முடிவு கேட்டால் பெரும்பாலான குடும்பங்கள் அதைத்தான் சொல்லும். ஆனால் அடுத்த முறை அதே மாதிரி சிறுநீரகம் வந்தால், ஒன்றிரண்டு கேள்விகளுக்கு நல்ல பதில் கிடைக்கும் பட்சத்தில், உங்கள் அப்பாவுக்கு அதை வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் என் கருத்து.

‘ரிஸ்க்’ என்பது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 2002ல் அமெரிக்காவில் ஒரு வரையறை போட்டார்கள். இறந்தவருக்கு 60 வயது நிரம்பியிருந்தால் அவர் அதில் வருவார். 50 முதல் 59 வயது என்றால், ரத்த அழுத்த நோய், 1.5க்கு மேல் கிரியேட்டினின், மூளை ரத்தக்குழாய் பாதிப்பால் மரணம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இப்படிப்பட்டவர்களின் சிறுநீரகம் பின்னால் செயலிழக்கும் வாய்ப்பு, நல்ல ஆரோக்கியமான கொடையாளரின் சிறுநீரகத்தைவிட 70 சதவீதத்துக்கு மேல் அதிகம் என்பதுதான் அந்த வரையறைக்கு அடிப்படை. நம் மருத்துவமனைகளில் ‘மார்ஜினல் கிட்னி’ என்று சொல்வது ஏறக்குறைய இதைத்தான். 2014 டிசம்பரிலிருந்து அங்கே இதை இன்னும் நுணுக்கமாக்கி, கே.டி.பி.ஐ. என்று 0 முதல் 100 வரை ஓர் எண் கொடுக்கிறார்கள். எண் ஏற ஏறச் சிறுநீரகத்தின் ஆயுள் குறையும். 20 வரை உள்ளவை சராசரியாகப் பதினொன்றரை வருடம் ஓடும், 21 முதல் 85 வரை உள்ளவை 9 வருடம், அதற்கும் மேலே உள்ளவை ஐந்தரை வருடம் என்பது அங்கே நோயாளிகளுக்குச் சொல்லும் உத்தேசக் கணக்கு.

ஐந்தரை வருடம் என்றதும் மனம் சோர்ந்துவிடும். பத்து வருடம் ஓடிய மார்ஜினல் கிட்னிகளையும் பார்த்திருக்கிறேன், ஆறு மாதத்தில் நின்றதையும் பார்த்திருக்கிறேன். சராசரி என்பது அப்படித்தான். பிரான்சில் வயதானவர்களின் சிறுநீரகத்தை அமெரிக்காவைவிடத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். அங்கே செய்து 2015ல் வெளியான ஓர் ஆய்வில், ஏழு வருட முடிவில் வழக்கமான சிறுநீரகங்களில் 88 சதவீதமும் மார்ஜினல் வகையில் 80 சதவீதமும் வேலை செய்துகொண்டிருந்தன. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: வாங்கிக்கொள்பவரின் ரத்தத்தில் அந்தக் கொடையாளருக்கு எதிரான ஆன்டிபாடி (வேற்று உறுப்பைத் தாக்கும் எதிர்ப்புப் பொருள்) ஏற்கெனவே இருந்தால்தான் மார்ஜினல் கிட்னி வேகமாகக் கெடுகிறது. வயதைப் பற்றிக் கேட்கும் குடும்பங்கள் ஆன்டிபாடியைப் பற்றிக் கேட்பதே இல்லை. கேளுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அன்று இரவு உங்கள் மனதில் ஓடிய ஒப்பீடு, 62 வயதுக்காரரின் சிறுநீரகத்துக்கும் இனி வரப்போகும் ஒரு 25 வயதுக்காரரின் சிறுநீரகத்துக்கும் இடையில். அந்த 25 வயதுக்காரர் எப்போது வருவார், வரும்போது அப்பா ஆபரேஷனைத் தாங்கும் நிலையில் இருப்பாரா என்பதை யாரும் சொல்ல முடியாது. நிஜமாக எதிரில் இருப்பது, வாரத்தில் மூன்று நாள், நாலு மணி நேரம் உட்காரும் அந்த டயாலிசிஸ் நாற்காலிதான். அதோடு ஒப்பிட்டால் கணக்கு மாறுகிறது.

2001ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, மார்ஜினல் கிட்னி வாங்கியவர்கள் பட்டியலிலேயே தங்கிவிட்டவர்களைவிடச் சராசரியாக 5 வருடம் கூடுதலாக வாழ்வார்கள் என்று கணித்தது. 2005ல் வந்தது இன்னும் கறாரான கேள்வியைக் கேட்டது. மார்ஜினல் கிட்னியை வாங்கியவர்கள் ஒரு பக்கம். டயாலிசிஸில் இருந்தபடி நல்லது வரட்டும் என்று காத்திருந்தவர்கள் மறுபக்கம்; இவர்களில் சிலருக்கு நல்ல சிறுநீரகம் கிடைக்கவும் செய்தது. நீண்ட கால நோக்கில் வாங்கியவர்களின் இறப்பு அபாயம் 17 சதவீதம் குறைவு. ஆனால் முதல் இரண்டு வாரங்களில் அவர்களுக்குத்தான் அபாயம் ஐந்து மடங்கு அதிகம். பெரிய ஆபரேஷன், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள், நோய்த்தொற்று எல்லாம் ஒரே நேரத்தில் வருகின்றன. அந்த ஆரம்ப இழப்பு சரியாகி இரண்டு தரப்பும் சமமாக மூன்றரை வருடம் ஆனது. அதற்குப் பிறகுதான் லாபம்.

இந்த மூன்றரை வருடத்தை மறைத்துவிட்டு யாராவது உங்களைச் சம்மதிக்க வைத்தால் அது நியாயம் இல்லை. நிறைய பேர் மறைக்கிறார்கள், அவசரத்தில். இதய வால்வில் கோளாறு, படி ஏறினால் மூச்சு வாங்குவது, கால் புண் ஆறாமல் இருப்பது என்று உங்கள் அப்பாவுக்கு ஏதாவது இருந்தால் அந்த முதல் சில மாதங்களைத் தாண்டுவாரா என்பதே முதல் கேள்வி. அதெல்லாம் இல்லை, இதயம் நன்றாக இருக்கிறது என்றால் அவர் சரியாக லாபம் கிடைக்கும் கூட்டத்தில் இருக்கிறார். அந்த ஆய்வில் பலன் தெளிவாகத் தெரிந்தது 40 வயதைத் தாண்டியவர்களுக்கும், சர்க்கரை நோயாளிகளுக்கும், காத்திருப்பு 1,350 நாளைத் தாண்டும் பகுதிகளில் இருந்தவர்களுக்கும்தான். மூன்றும் உங்கள் வீட்டுக்குப் பொருந்துகிறது. சர்க்கரை நோயாளிக்கு டயாலிசிஸில் கழியும் ஒவ்வொரு வருடமும் இதயத்திலும் கால் ரத்தக்குழாய்களிலும் கணக்கு எழுதிவிட்டுப் போகிறது.

இதெல்லாம் அமெரிக்கக் கணக்கு, சென்னைக்குப் பொருந்துமா என்ற சந்தேகம் நியாயமானது. இங்கே இரண்டு பக்கமும் கனம் கூடுகிறது. பணத்துக்காகவோ தூரத்துக்காகவோ வாரம் இரண்டு டயாலிசிஸோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் எத்தனையோ பேர். காத்திருப்பதன் ஆபத்து அவர்களுக்கு அதிகம். அதேபோல மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு காசநோய், பூஞ்சைத் தொற்று போன்றவை இங்கே அதிகம். என் அனுபவத்தில், மூன்று நாலு வருடம் டயாலிசிஸில் இருந்த ஐம்பது தாண்டிய சர்க்கரை நோயாளிக்குத் தராசு வாங்கிக்கொள்ளும் பக்கம்தான் சாய்கிறது.

அப்புறம் அந்த 1.8. இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் போனில் சொல்லப்படும் எண்களிலேயே அதிகம் பயமுறுத்துவதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். மூளைச்சாவு நடந்ததும் உடம்பில் ரத்த அழுத்தம் சரியும். மூளையிலிருந்து வரும் ஹார்மோன் நின்றுபோய், சிறுநீர் லிட்டர் கணக்கில் வெளியேறி, உடம்பு வறண்டுவிடும். சட்டப்படி குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதித்துத்தான் மூளைச்சாவை உறுதி செய்ய முடியும். அதற்கு மேல் குடும்பத்தின் சம்மதம், விபத்து என்றால் போலீஸ் நடைமுறை, உறுப்புகளைப் பகிரும் ஏற்பாடு. இதற்குள் 0.9 ஆக இருந்த கிரியேட்டினின் 1.8 ஆவது சாதாரணம். அது தற்காலிக அடி. அடிப்படையில் நல்ல சிறுநீரகம் என்றால் புது உடம்பில் மெதுவாகத் தேறிவிடும். கிரியேட்டினின் இப்படித் திடீரென ஏறிய கொடையாளர்களின் சிறுநீரகங்களையும், ஏறாதவர்களின் சிறுநீரகங்களையும் ஆயிரக்கணக்கான ஜோடிகளாக ஒப்பிட்டு 2020ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. ஆரம்பத்தில் தாமதம் கூடுதலாக இருந்தது. போகப் போக ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை.

ஆனால் மருத்துவமனைக்கு வந்த அன்றே 1.8, வருடக்கணக்காக பி.பி.யும் சர்க்கரையும், சிறுநீரில் புரதம், ஸ்கேனில் சுருங்கிய சிறுநீரகம் என்றால் அது நாள்பட்ட சேதம். எந்த உடம்புக்குள் போனாலும் அது திரும்பி வராது. போனில் சொல்லும் ஒற்றை எண் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி: “அட்மிட் ஆன அன்று கிரியேட்டினின் என்ன?” அடுத்தது, சர்க்கரை இருந்ததா, எத்தனை வருடமாக. மூன்றாவது, சிறுநீர் இப்போது எவ்வளவு போகிறது, அதில் புரதம் உண்டா. பத்து நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்விகள்தான் இவை. கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சந்தேகமான சிறுநீரகத்தில் சில இடங்களில் பயாப்ஸி (சின்னத் துண்டை எடுத்துச் சோதிப்பது) செய்து பார்ப்பார்கள். இத்தாலியில் ரெமூசி என்ற சிறுநீரக மருத்துவரின் குழு, சேதம் கூடக் கூட எண் ஏறும் ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கியது. 3 வரை வந்தால் ஒரு சிறுநீரகம் போதும். 4 முதல் 6 என்றால் இரண்டையும் ஒரே நோயாளிக்கு வைக்கலாம். 7 தொட்டால் பயன்படுத்த வேண்டாம். இரண்டையும் ஒருவருக்கே வைப்பதை வீண் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொன்றும் அரை வேலை செய்தால் சேர்த்து முழு வேலை. இரவில் அவசரமாகச் சின்னத் துண்டை எடுத்துப் படிக்கிற பயாப்ஸியை மட்டும் நம்பி முடிவெடுப்பதில் எனக்கு அவ்வளவு சம்மதம் இல்லை. மற்ற விவரங்களோடு சேர்த்துப் படித்தால் பயன்.

நேரமும் முக்கியம். எடுத்த சிறுநீரகம் ஐஸில் எத்தனை மணி நேரம் இருக்கிறதோ அத்தனையும் அதற்குச் சேதம். இளம் சிறுநீரகம் தாங்கிக்கொள்ளும், வயதானது தாங்காது. 12 மணி நேரத்துக்குள் வைத்துவிட்டால் மார்ஜினல் கிட்னியின் ஆயுள் நன்றாகக் கூடுகிறது. ஒரே கொடையாளரின் ஒரு சிறுநீரகத்தை ஐஸ் பெட்டியிலும் மற்றொன்றைத் திரவம் செலுத்தும் இயந்திரத்திலும் வைத்துப் பார்த்த ஐரோப்பிய ஆய்வு 2009ல் வந்தது. ஒரு வருடத்தில் ஐஸில் இருந்தவற்றில் 90 சதவீதம், இயந்திரத்தில் இருந்தவற்றில் 94 சதவீதம் வேலை செய்தன. இயந்திரம் எல்லா இடத்திலும் இருக்காது. தூரம் குறைவு என்பதே பெரிய உதவி. சென்னைக்குள்ளேயே எடுத்துச் சென்னைக்குள்ளேயே வைப்பதற்கும், மதுரையிலிருந்து ஆம்புலன்ஸில் வருவதற்கும் வித்தியாசம் உண்டு. எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

சம்மதித்தால் ஆபரேஷனுக்குப் பிந்தைய நாட்கள் எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். உயிரோடிருக்கும் உறவினர் கொடுத்த சிறுநீரகம் பெரும்பாலும் ஆபரேஷன் மேசையிலேயே சிறுநீர் விடும். மார்ஜினல் கிட்னி எப்போதும் அப்படி இருக்காது. பல நாள், சில சமயம் இரண்டு மூன்று வாரம் தூங்கும். அதுவரை டயாலிசிஸ் தொடரும். ஒரு அம்மாவை என்னால் மறக்க முடியாது. கணவரின் யூரின் பையில் இருந்ததை நாள் தவறாமல் ஒரு நோட்டில் எழுதுவார்: 20 மில்லி, 15 மில்லி, 30 மில்லி. பதினாறாம் நாள் காலை 400 என்று எழுதிவிட்டு நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு அழுதார். அவர் கணவருக்குக் கிரியேட்டினின் கடைசியில் 1.9ல் வந்து நின்றது. பக்கத்துக் கட்டிலில் தாயிடம் வாங்கிய பையனுக்கு 1.1. அந்த ஒப்பீடு அவர்களை ரொம்ப நாள் வருத்தியது. 1.9ல் நிலையாக நிற்கும் சிறுநீரகம் போதும். டாக்டர் சரி என்றால் இளநீர் குடிக்கலாம், டயாலிசிஸ் நாளை எண்ணாமல் திருச்செந்தூருக்குப் போய்வரலாம். அவர்கள் போனார்கள்.

எழுந்திருக்கவே இல்லாத சிறுநீரகமும் உண்டு. அதை அகற்ற வேண்டியும் வரலாம், நோயாளி திரும்ப டயாலிசிஸுக்கே போவார். அதைவிட மோசம், அந்தச் சிறுநீரகத்துக்கு எதிராக உடம்பில் ஆன்டிபாடிகள் உருவாகி, அடுத்து வரும் சிறுநீரகத்துக்கு கிராஸ்மேட்ச் (இருவர் ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் பொருத்தச் சோதனை) பொருந்துவது கடினமாகிவிடும். இதனால்தான் இதே கேள்வியை 28 வயதுப் பையனின் வீட்டார் கேட்டிருந்தால் நான் வேறு பதில் சொல்லியிருப்பேன். அவனுக்கு இன்னும் நாற்பது வருடத்துக்குச் சிறுநீரகம் வேண்டும். முதல் வாய்ப்பை ஐந்தாறு வருடச் சிறுநீரகத்தில் செலவழிக்கக் கூடாது. வயதுக்கு வயது பொருத்துவது என்பது புதிதும் இல்லை. ஐரோப்பாவில் 1999 முதலே 65 வயதைத் தாண்டிய கொடையாளர்களின் சிறுநீரகத்தை அந்த வயது நோயாளிகளுக்கே, முடிந்தவரை அருகிலேயே, சீக்கிரமாக வைக்கும் திட்டம் நடக்கிறது.

‘ரிஸ்க்’ என்பதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு, தொற்று. உங்களுக்கு வந்த போனில் அது இல்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். ஹெச்.ஐ.வி., மஞ்சள் காமாலை (ஹெபடைட்டிஸ்) பி, சி வைரஸ்களுக்கு எல்லாக் கொடையாளருக்கும் பரிசோதனை உண்டு. ஆன்டிபாடி பரிசோதனையில் பிடிபட வாரக்கணக்காகும். வைரஸையே தேடும் நாட் பரிசோதனை அந்த இடைவெளியை வெகுவாகக் குறைக்கிறது. செய்திருக்கிறார்களா என்று கேட்கலாம். ஹெபடைட்டிஸ் சி இப்போது 12 வார மாத்திரையில் 100ல் 95 பேருக்கு மேல் குணமாகிறது. தென்னாப்பிரிக்காவில் எல்மி முல்லர் என்ற அறுவை மருத்துவர் 2008 முதல் ஹெச்.ஐ.வி. உள்ளவர்களின் சிறுநீரகத்தை ஹெச்.ஐ.வி. உள்ள நோயாளிகளுக்கே வைத்து நல்ல பலன் காட்டினார். நான் உறுதியாக வேண்டாம் என்று சொல்வது, காரணம் கண்டுபிடிக்கப்படாத மூளைக் காய்ச்சலில் இறந்தவரின் உறுப்பை. 2004ல் அமெரிக்காவில் ரேபிஸ் என்று தெரியாமல் ஒருவரின் உறுப்புகளும் ரத்தக்குழாயும் வைக்கப்பட்டு, வாங்கிய நான்கு பேரும் இறந்துபோனார்கள்.

தமிழ்நாட்டில் மூளைச்சாவு உறுப்பு தானத் திட்டம் 2008ல் தொடங்கியது. அந்த வருடம் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதி தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தபோது மாநிலமே பேசியது. ஆரம்ப வருடங்களில் நான் பார்த்த கொடையாளர்கள் பெரும்பாலும் பைக்கில் தலையில் அடிபட்ட இளைஞர்கள். பிறகு ஸ்ட்ரோக்கில் போன வயதானவர்களின் பிள்ளைகளும், ‘எங்க அம்மாவோடதையும் எடுத்துக்குவீங்களா’ என்று கேட்கத் தொடங்கினார்கள். 2023 செப்டம்பரிலிருந்து உறுப்பு கொடுத்தவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடக்கிறது. ஆகவே இந்த மாதிரி போன்கள் இனியும் வரும். யாரும் வாங்காமல் போன சிறுநீரகத்தைப் பற்றி அந்தப் பிள்ளைகளிடம் பேசும் நிலை எனக்கு வந்திருக்கிறது. அதற்காக நீங்கள் சம்மதிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தப் பக்கத்திலும் ஒரு வீடு இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.

இப்போது செய்ய வேண்டியது, முடிவைப் போன் வருவதற்கு முன்பே எடுத்துவைப்பது. அப்பாவுக்கு எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி எடுங்கள். பல் சொத்தை, கால் புண் இருந்தால் சரி செய்யுங்கள். ரத்தத்தில் ஆன்டிபாடி அளவு பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். டயாலிசிஸில் ரத்தம் ஏற்றியிருந்தால் இது இன்னும் அவசியம். முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷனுக்கு எவ்வளவு, பிறகு மாத்திரைக்கு எவ்வளவு கையிலிருந்து போகும் என்று மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் எழுதி வாங்குங்கள். புதுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையைப் பணமில்லாமல் நிறுத்தியதால் போன நல்ல சிறுநீரகங்களைப் பார்த்திருக்கிறேன், மார்ஜினல் மட்டும் இல்லை.

அப்பாவின் கோபத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அன்று இரவு அவரிடம் யாராவது கேட்டீர்களா? எழுதியதில் ‘கூடிப் பேசினோம்’ என்று இருக்கிறது, அவர் என்ன சொன்னார் என்று இல்லை. அடுத்த டயாலிசிஸ் முடிந்து அவர் கொஞ்சம் தெளிவாக இருக்கும் நாளில் டாக்டரிடம் இருபது நிமிடம் நேரம் கேளுங்கள். அப்பாவையும் உள்ளே அழைத்துப் போங்கள். மூன்றரை வருடக் கணக்கையும் ஐந்தரை வருடக் கணக்கையும் டாக்டர் வாயாலேயே அவர் கேட்கட்டும். எந்த மாதிரி சிறுநீரகம் வந்தால் சரி, எது வந்தால் வேண்டாம் என்று அவரே சொல்லட்டும். அதை ஒரு தாளில் எழுதி, ஃபைலின் முதல் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.